மாகாண மேல் நீதிமன்றம்: வவுனியாவை உதாரணமாகக் கொண்ட விளக்கம்

மாணவர்களே, நீதிமன்றக் கட்டமைப்பு என்றதும் உங்கள் மனதில் முதலில் தோன்றுவது பாடநூலில் உள்ள கூம்பு வடிவ வரைபடமாகும். உச்சியில் உயர் நீதிமன்றம், அதன் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம், அடுத்து மேல் நீதிமன்றம், அடித்தட்டில் மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் ஆரம்ப நீதிமன்றமும். வரைபடம் சரியானதே. ஆனால் வினாத்தாளில் “உதாரணத்துடன் விளக்குக” என்று வரும்போது வரைபடத்தை மட்டும் மனனஞ் செய்தவர் திண்டாடுவார். அதிலும் நடுத்தட்டில் உள்ள மேல் நீதிமன்றம் பற்றிய விடையிலேயே கூடுதலான புள்ளிகள் இழக்கப்படுகின்றன. அந்நீதிமன்றம் ஒரே கூரையின் கீழ் வெவ்வேறான மூன்று கடமைகளைச் செய்வதே இதற்குக் காரணம். இப்பாடத்தில் வவுனியா மேல் நீதிமன்றத்தை உதாரணமாக வைத்து அக்கடமைகளைப் பார்ப்போம். வன்னி மாணவர்களுக்கு இது தூரத்து விடயமல்ல. உங்களில் சிலருடைய வீட்டிலிருந்தே யாராவது அந்த வாசலுக்குப் போய் வந்திருப்பார்கள்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம்

தமிழகத் தொலைக்காட்சிச் செய்திகளில் “சென்னை உயர் நீதிமன்றம்” என்று கேட்டிருப்பீர்கள். அங்கே உயர் நீதிமன்றம் என்பது ஒரு மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றமாகும். அதற்கு மேலே டில்லியில் இருப்பதை “உச்ச நீதிமன்றம்” என்பர். இலங்கையிலோ “உயர் நீதிமன்றம்” என்பது கொழும்பில் உள்ள நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றத்தையே குறிக்கும். நாம் இங்கே கற்பது “மேல் நீதிமன்றம்”. இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதினால் விடை முழுவதும் பிழைத்துவிடும்.

மேல் நீதிமன்றம் நீண்ட வரலாறு உடையதன்று. பிரித்தானியர் காலத்திலிருந்து பாரிய குற்ற வழக்குகளை உயர் நீதிமன்ற நீதியரசர்களே பல ஊர்களுக்கும் சுற்றுலா அமர்வாகச் சென்று விசாரித்து வந்தனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இம்முறையை மாற்றி, மேல் நீதிமன்றங்களைத் தோற்றுவித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதே ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டமும் அவற்றை உறுதிப்படுத்தின. 1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தம் ஒவ்வொரு மாகாணத்திற்கும் ஒரு மேல் நீதிமன்றம் இருத்தல் வேண்டும் என விதித்தது. வவுனியாவில் அமர்வது வட மாகாண மேல் நீதிமன்றமாகும்.

மாகாணத்தின் பெயர் உண்டு, மாகாண சபைக்குரியதல்ல

இது பல்தேர்வு வினாக்களுக்கு ஏற்ற இடம். மாகாண மேல் நீதிமன்றம் மாகாண சபைகளை உருவாக்கிய அதே திருத்தத்தினால் வந்ததாகையால், அதன் நீதிபதியை மாகாண சபையோ ஆளுநரோ நியமிப்பதாகச் சிலர் எழுதுகின்றனர். அது தவறு. மேல் நீதிமன்ற நீதிபதிகளை நீதிச்சேவை ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் சனாதிபதி நியமிக்கிறார். அந்த விதப்புரை சட்டமா அதிபருடன் கலந்தாலோசித்த பின்னர் செய்யப்படும். அவர்களுள் எவரெவர் எந்த மாகாணத்தில் கடமையாற்றுவது என்பதைப் பிரதம நீதியரசர் தீர்மானிப்பார். ஆகவே இன்று வவுனியாவில் இருக்கும் நீதிபதி நாளை மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இருக்கலாம். நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நீதிச்சேவை ஆணைக்குழுவே நேரடியாக நியமிக்கும், இடமாற்றும், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் கொண்டதே அந்த ஆணைக்குழு.

இலங்கை ஓர் ஒற்றையாட்சி நாடு என்பதை இதனுடன் சேர்த்து விளங்கிக் கொள்ளுங்கள். ஐக்கிய அமெரிக்கா போன்ற சமஷ்டி நாட்டில் மத்திய அரசின் நீதிமன்றங்கள் ஒரு வரிசையாகவும் மாநில நீதிமன்றங்கள் இன்னொரு வரிசையாகவும் இயங்கும். அங்கே மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றங்கள் மாத்திரம் 94 உள்ளன. நமது நாட்டில் ஒரே வரிசைதான். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிவடைந்தபோது அதன் உறுப்பினர்கள் பதவியிழந்தனர். மாகாண மேல் நீதிமன்றமோ ஒரு நாளும் தடைப்படாமல் இயங்கியது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

முதலாவது கடமை: பாரிய குற்றங்களை விசாரித்தல்

செட்டிகுளத்தில் ஒரு கொலை நடந்ததாக வைத்துக்கொள்வோம். வழக்கு நேரே மேல் நீதிமன்றத்துக்குப் போகாது. பொலிசார் சந்தேகநபரைக் கைது செய்தால் சாதாரண சட்டத்தின்படி, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். நீதவான் அவரை விளக்கமறியலில் வைக்கக் கட்டளையிடுவார். இறந்தவரின் உடல் தொடர்பான மரண விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் நீதவான் நீதிமன்றத்திலேயே சேரும். கொலைக் குற்றச் சந்தேகநபருக்குப் பிணை வழங்க நீதவானுக்கு அதிகாரமில்லை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி மரண தண்டனைக்கோ ஆயுட் சிறைக்கோ உரிய குற்றத்துக்கு மேல் நீதிமன்ற நீதிபதியே பிணை வழங்கலாம். “நீதவான் ஏன் விடவில்லை?” என்று ஊரிலே கோபப்படுவோர் பலர். அவரால் முடியாது என்பதே விடை.

அடுத்து நீதவான் சுருக்கமுறையற்ற விசாரணை நடத்திச் சாட்சியங்களைப் பதிவு செய்வார். சில வழக்குகளில் சட்டமா அதிபர் இவ்விசாரணை இன்றியே நேரடியாக மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வுப் பத்திரம் தாக்கல் செய்வதுண்டு. எவ்வழியாயினும், வழக்கு மேல் நீதிமன்றம் செல்லுமா என்பதை முடிவு செய்பவர் சட்டமா அதிபரே. பொலிசாரும் அல்லர், இறந்தவரின் உறவினரும் அல்லர். கோவை கொழும்புக்குச் சென்று திரும்பும் இக்காலம் சில வேளை ஆண்டுக் கணக்கில் நீளும். விளக்கமறியலில் இருப்பவர் இன்னும் குற்றவாளியாகக் காணப்படவில்லை என்பதை இவ்விடத்தில் மறக்கக் கூடாது. ஒருவர் குற்றவாளியென எண்பிக்கப்படும் வரை சுற்றவாளி எனக் கருதப்படல் வேண்டுமென அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை கூறுகிறது.

விளக்கம் ஆரம்பமாகும் நாளில் குற்றப்பகர்வுப் பத்திரம் எதிரிக்கு வாசித்துக் காட்டப்படும். அவர் சுற்றவாளி என்று கூறினால் சாட்சிகள் அழைக்கப்படுவர். அரச தரப்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டத்தரணி வழக்கை நெறிப்படுத்துவார். எதிரிக்குச் சட்டத்தரணி வைக்க வசதியில்லை என்றால் அரச செலவில் ஒருவர் நியமிக்கப்படுவார். மேல் நீதிமன்றத்தில் வறுமை காரணமாக எவரும் துணையின்றி நிற்க வேண்டியதில்லை. பதிவாளர் கோவைகளையும் சான்றுப்பொருட்களையும் பொறுப்பேற்பார். சாட்சி சொல்வதைச் சுருக்கெழுத்தாளர் பதிவார். உரைபெயர்ப்பாளரின் வேலையைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

பெரும்பாலான வழக்குகளைத் தனி நீதிபதியே விசாரிப்பார். குறித்த சில பாரிய குற்றங்களுக்கு எதிரி விரும்பினால் 7 பேர் கொண்ட யூரர் சபையைக் கேட்கலாம். அவர்களின் தீர்ப்பு ஏகமனதாகவோ குறைந்தது 5 பேருக்கு 2 பேர் என்ற பெரும்பான்மையிலோ அமைய வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு அங்குள்ள மேல் நீதிமன்றத்தில் யூரர் முன்னிலையில் நடந்தது. 2016 டிசெம்பரில் எதிரிகள் விடுவிக்கப்பட்டனர். மற்றொரு முறை மூன்று நீதிபதிகள் யூரர் இன்றி ஒன்றாக அமர்வதாகும். இதை ‘ட்ரயல் அட் பார்’ என்பர். 2015இல் புங்குடுதீவில் மாணவியொருவர் கொல்லப்பட்ட வழக்கு யாழ்ப்பாணத்தில் இம்முறையிலேயே விசாரிக்கப்பட்டு, 2017 செப்டெம்பரில் 7 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கப்படுகிறதேயன்றி 1976க்குப் பின் இலங்கையில் நிறைவேற்றப்படவில்லை. ‘ட்ரயல் அட் பார்’ அல்லாத வழக்குகளில் தீர்ப்பில் திருப்தியில்லாதவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டும்.

இரண்டாவது கடமை: கீழ் நீதிமன்றங்களைத் திருத்துதல்

நீதவான் நீதிமன்றம் பொதுவாக 2 ஆண்டு வரையான சிறைத்தண்டனை விதிக்கலாம். அத்தண்டனை பிழையென்று கருதுபவர் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். மாகாண மேல் நீதிமன்றத்தின் மேன்முறையீட்டுத் தீர்ப்பிலும் குறையிருந்தால் அடுத்த படி உயர் நீதிமன்றமாகும். 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இவ்வழியை வகுத்தது. இதற்கு முன் அனுமதி பெறுவது அவசியம்.

மேன்முறையீடு வேறு, மீளாய்வு வேறு. இந்த வேறுபாட்டைக் காணி வழக்கொன்றினால் விளக்கலாம். மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் இரு குடும்பங்கள் ஒரே வளவுக்கு உரிமை கோருகின்றன. ஒருவர் வேலி போட, மற்றவர் பிடுங்க, கைகலப்பு வரும் நிலை. பொலிசார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அறிக்கை தாக்கல் செய்வர். அநேக இடங்களில் நீதவானே ஆரம்ப நீதிமன்ற நீதிபதியாகவும் இருப்பார். காணி யாருக்குச் சொந்தம் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அறிக்கை தாக்கல் செய்யப்பட்ட நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய 2 மாதங்களுக்குள் எவராவது பலாத்காரமாக வெளியேற்றப்பட்டாரா என்பதையே பார்ப்பார். சமாதானத்தைக் காப்பதற்கான தற்காலிகக் கட்டளை அது. உறுதியும் சொந்தமும் மாவட்ட நீதிமன்றத்திலேயே தீரும். இந்த 66ஆம் பிரிவுக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. ஆனால் சட்டத்துக்கு முரணாக அமைந்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுச் செய்யலாம். மேன்முறையீடு என்பது சட்டம் தந்த உரிமை. மீளாய்வு என்பது தவறு பாரதூரமானதாக இருந்தால் மேல் நீதிமன்றம் தன் தற்றுணிபின்படி தலையிடும் அதிகாரம்.

காணி பற்றிப் பேசும்போது வன்னி மாணவர் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. ஒருவரின் காணியைப் பிறர் இடையூறின்றி 10 ஆண்டுகள் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுச் சட்டம். இடம்பெயர்ந்து மடுவிலும் முகாம்களிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் எப்படித் தம் காணிக்கு வழக்குப் போட்டிருக்க முடியும்? இதனாலேயே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. மோதல் காரணமாக நீதிமன்றை நாட முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அச்சட்டம் இடமளித்தது.

அக்காலத்தின் கணிசமான பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அரச நீதிமன்றங்கள் இயங்கவில்லை. விடுதலைப் புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பிரதேசத்தில் தமக்கெனச் சட்டக்கோவையும் நீதிமன்றங்களும் வைத்திருந்தனர். அவை இலங்கை அரசியலமைப்பின் கீழ் அமைந்தவை அல்ல என்பதால் நமது கூம்பு வரைபடத்தில் இடம்பெறமாட்டா. ஆனால் உங்கள் பெற்றோர் “அந்த நேரம் கோட்டுக்குப் போனோம்” என்று சொன்னால் எந்தக் கோட்டை என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

மூன்றாவது கடமை: எழுத்தாணைகள்

இம்மூன்றாவது கடமையே 13ஆவது திருத்தத்தின் முக்கியமான வரவு. அதற்கு முன் எழுத்தாணை வேண்டுமானால் கொழும்புக்கே போக வேண்டியிருந்தது. மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களில் அதிகாரி ஒருவர் அதிகாரம் மீறினால் அவரது முடிவை வெறிதாக்கவும், செய்ய வேண்டிய கடமையைச் செய்யாதிருந்தால் செய்யப் பணிக்கவும் மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்கலாம். இதனிலும் கனதியானது ஆட்கொணர்வு எழுத்தாணை. மாகாணத்துக்குள் ஒருவர் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தால், அவரைக் கொண்டுவந்து நீதிமன்றின் முன் நிறுத்துமாறு கட்டளையிடும் அதிகாரம் அது.

2009 மே 18 அளவில் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்தினரிடம் சரணடைந்த தம் உறவினர் எங்கே என்று கேட்டுக் குடும்பத்தினர் சிலர் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்தனர். மேல் நீதிமன்றம் உண்மைகளை ஆராய்ந்து அறிக்கையிடும் பணியை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றிடம் ஒப்படைத்தது. சாட்சிகள் அங்கே விசாரிக்கப்பட்டனர். பின்னர் வழக்கு மீண்டும் வவுனியாவுக்கு வந்தது. 2022 டிசெம்பரில் மேல் நீதிமன்றம் மனுதாரர்களுக்குச் சார்பாகத் தீர்மானித்து, அவ்வாறு சரணடைந்தோரை முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. மனுவுக்கும் கட்டளைக்கும் இடையே ஏறத்தாழ 9 ஆண்டுகள். மாங்குளம் வழியாகப் பஸ் ஏறி வந்து, அடுத்த தவணை கேட்டுத் திரும்பிய தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அது எவ்வளவு நீளமான காலம் என்பதைப் புள்ளித் திட்டம் சொல்லாது. பரீட்சைக்கு வேண்டியது இதுவே: ஒரே வழக்கில் மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்கும் மன்றாகவும், நீதவான் நீதிமன்றம் அதற்கு உண்மைகளைத் திரட்டித் தரும் மன்றாகவும் செயற்பட்டன.

ஒரு எச்சரிக்கை: அடிப்படை உரிமை மீறல் மனுவை இத்துடன் குழப்ப வேண்டாம். அது உயர் நீதிமன்றத்துக்கு மாத்திரம் உரியது. மீறல் நடந்து 1 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

மொழியும் இடமும்

அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகளாகும். வடக்கிலும் கிழக்கிலும் நடவடிக்கைகள் தமிழில் நடக்கின்றன. அம்மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பு பெறும் உரிமை உண்டு. வவுனியா மாவட்டத்தில் சிங்களவரும் வாழ்வதால் அங்குள்ள உரைபெயர்ப்பாளர் இரு திசையிலும் வேலை செய்ய வேண்டும். “அடிச்சவர்” என்ற ஒரு சொல் மற்ற மொழியில் ஒருவரா பலரா என்று மாறிப்போனால் தீர்ப்பே மாறலாம். வழக்கு மேன்முறையீட்டுக்குக் கொழும்பு செல்லும்போது தமிழ்ப் பதிவேடு மொழிபெயர்க்கப்பட வேண்டியிருப்பதும் தாமதத்துக்கு ஒரு காரணமாகும்.

எந்த ஊரில் வழக்கு நடக்கிறது என்பது சின்ன விடயமல்ல. 2017இல் தமிழ்க் கைதிகள் மூவரின் வழக்கைச் சட்டமா அதிபர் வவுனியா மேல் நீதிமன்றிலிருந்து அநுராதபுரம் மேல் நீதிமன்றுக்கு மாற்றினார். சாட்சிகளின் பாதுகாப்பு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மீண்டும் வவுனியாவுக்கே மாற்றக் கோரிக் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் 13இல் வடக்கில் ஹர்த்தாலும் நடந்தது. வழக்கை இடமாற்றும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. எதிரி தனக்கு விளங்கும் மொழியில், தன் சட்டத்தரணி வந்துபோகக்கூடிய இடத்தில் விளக்கம் கேட்பதும் நியாயமானதே. இவ்விரண்டையும் எழுதும் விடைக்கே முழுப் புள்ளி கிடைக்கும்.

நீதிபதியின் சுதந்திரம்

நீதித்துறைச் சுதந்திரம் என்றவுடன் “பதவிக் காப்பு, சம்பளக் காப்பு” என்று எழுதி முடிப்பது வழக்கம். மேல் நீதிமன்ற நீதிபதியின் ஓய்வு வயது 61 என்பதையும் சேர்க்கலாம். ஆனால் சட்டத்தில் காப்பு இருப்பது ஒன்று, அது நிலத்தில் கிடைப்பது வேறொன்று. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டபோது, அகழ்வு முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றின் மேற்பார்வையிலேயே நடந்தது. 2024 ஜூலையில் அது முடியும்போது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. இதற்கிடையில் 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதவானாக இருந்தவர் தமக்கு உயிர் அச்சுறுத்தல் உண்டெனக் கூறிப் பதவி விலகி நாட்டை விட்டுச் சென்றார். சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தனர்.

நீதிபதி ஒருவரின் கடமையில் சட்ட அதிகாரமின்றித் தலையிடுவது குற்றமென அரசியலமைப்பே கூறுகிறது. அக்குற்றத்தை விசாரிக்கும் இடமும் மேல் நீதிமன்றமே. யூரர் இன்றி விளக்கம் நடைபெறும். தண்டனை 1 ஆண்டு வரையான சிறையோ தண்டப்பணமோ இரண்டுமோ ஆகலாம். வாக்குரிமையை 7 ஆண்டு வரை இழக்கவும் நேரலாம்.

பயிற்சி வினாக்கள்

1. நீதவான் ஒருவர் கொலைச் சந்தேகநபருக்குப் பிணை மறுத்தார். அவரது முடிவு சரியா? சட்டத்தைக் குறிப்பிட்டு விடை தருக.

2. ஒரு வளவின் ஆட்சி தொடர்பாக 66ஆம் பிரிவின் கீழ் கட்டளை பெற்றவர் “காணி எனக்கே சொந்தம் எனத் தீர்ப்பாகிவிட்டது” என்கிறார். அவரது கூற்றிலுள்ள தவறு யாது? எதிர்த்தரப்பினர் செல்லக்கூடிய இரு நீதிமன்றங்களையும் காரணத்துடன் கூறுக.

3. “மாகாண மேல் நீதிமன்றம் மாகாண சபையின் ஓர் உறுப்பாகும்.” இக்கூற்றை ஏற்கிறீரா? (நியமனம், இடமாற்றம், 2018 ஒக்ரோபருக்குப் பிந்திய நிலை என்பவற்றைத் தொட்டு எழுதுக. வரைபடம் கீறினால் உயர், மேல் என்ற சொற்களைச் சரிபார்த்த பின் விடைத்தாளை ஒப்படைக்குக.)